நூலுக்குக் காசு போடுவது எப்போது? சிங்கப்பூரில் முதல் புத்தகம் வெளியிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

எழுதி முடித்த கையோடு பலரும் செய்யும் முதல் வேலை, சென்னையில் தெரிந்த அச்சகத்தாரிடம் வாட்ஸ்அப்பில் விலை கேட்பது. "டெமி அளவு, 160 பக்கம், 300 படி, எவ்வளவு ஆகும்?" பதில் சீக்கிரமே வந்துவிடும். தொகையும் பயமுறுத்தாது. அந்த வாரமே முன்பணம் போய்விடும். அதற்குப் பிறகு எல்லாமே அவசரம்தான். அணிந்துரைக்கு அவசரம், அட்டைக்கு அவசரம், பிழைதிருத்தம் இரண்டே இரவில்.

கைக்காசில் நூல் போடுவது தவறே இல்லை. சிங்கப்பூரில் தமிழ் நூல்களில் பல அப்படித்தான் வந்திருக்கின்றன, இனியும் வரும். ஆனால் காசு எந்த வரிசையில் வெளியே போகிறது என்பதில் நூலின் தலையெழுத்தே இருக்கிறது. அச்சேறிய பிறகு மாற்ற முடியாதவை எவையோ, அவற்றுக்கு முதலில் செலவு செய்யுங்கள். பிறகும் மாற்றிக்கொள்ளக்கூடியவற்றுக்குக் கடைசியில் செய்யலாம். எழுத்தின் செம்மையும் பிழையில்லாத பக்கமும் முதல் வகை. படிகளின் எண்ணிக்கை, விழா, விளம்பரம் எல்லாம் இரண்டாம் வகை. நம்மிடையே பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. விழா அரங்குக்கு முன்பதிவு செய்தாகிவிடும், செம்மையாக்கத்துக்குக் காசு மிஞ்சாது.

கீழே வரும் படிகளை வரிசையாகப் பின்பற்றுங்கள். ஒரு படி முடியாமல் அடுத்த படிக்குப் பணம் எடுக்காதீர்கள்.

1. காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் முடியுங்கள்

நூலாக வருமுன் உங்கள் எழுத்து அறியாதவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மனைவியோ கணவரோ, கூட வேலை செய்பவரோ படித்துப் பாராட்டியது இதில் சேராது. அவர்கள் உங்களைப் படிக்கிறார்கள், எழுத்தைப் படிப்பதில்லை.

இந்தச் சோதனைக்கு இங்கே வசதிகள் நிறையவே இருக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் நடத்தும் மாதாந்தரக் கதைக்களத்துக்குச் சிறுகதை அனுப்பலாம். கவிதை என்றால் கவிமாலை என்னும் கவிஞர் அமைப்பு இருக்கிறது. நூலகத்தில் கூடும் வாசகர் வட்டத்தில் மற்றவர்களின் நூல்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டாலே நம் எழுத்து எங்கே நிற்கிறது என்று ஓரளவு புரிந்துவிடும். தமிழ் முரசு, தி சிராங்கூன் டைம்ஸ் போன்ற இதழ்களுக்குப் படைப்புகளை அனுப்புங்கள். பிரசுரமானால் ஊக்கம். ஆகாவிட்டாலும் ஒரு செய்தி கிடைத்திருக்கிறது, அதுவும் இலவசமாக.

தேசியக் கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுகதைக்கும் கவிதைக்கும் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்தப் போட்டி, வெளியாகாத படைப்புகளுக்கு மட்டுமே. உங்கள் தொகுப்பில் ஆகச் சிறந்ததென்று நீங்கள் நம்பும் கதையை இதழிலோ நூலிலோ வெளியிட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். எனவே அடுத்த போட்டி எப்போது என்று பார்த்துவிட்டு அதன்பிறகு நூலின் நாளைத் தீர்மானிப்பது நல்லது.

பிறகு, குறைந்தது மூன்று பேருக்கு முழுக் கையெழுத்துப் படியையும் கொடுங்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்களாக இருக்கட்டும். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே வேலை இருக்கிறது. அந்த வேலை முடியும்வரை அச்சகத்தாரோடு பேச எதுவுமில்லை.

இந்தப் படியைக் கடக்க ஓராண்டு ஆகலாம். ஆகட்டும். செலவே இல்லாமல் நூல் வளரும் ஒரே கட்டம் இதுதான்.

2. வாங்குபவரின் பெயரை எழுதுங்கள்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். ஐந்து வயதுக் குழந்தையிலிருந்து கணக்கிட்டாலும் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் தமிழில் நூல் வாங்கிப் படிப்பவர் எத்தனை பேர் என்பதை நீங்களே சுற்றிப் பார்த்து ஊகிக்கலாம். வேலை நிமித்தம் வந்து இங்கே வாழ்வோரும் இருக்கிறார்கள், அவர்களில் தீவிர வாசகர்கள் நிறையவே உண்டு. இரண்டையும் கூட்டினாலும் இது சின்னச் சந்தைதான். மனம் தளரவேண்டியதில்லை. இப்படிப்பட்ட சந்தையில் வாசகரைப் பெயர் சொல்லி அடையாளம் காண முடியும், அது பெரிய வசதி.

ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் உறவும் நட்பும்: நீங்கள் எழுதினீர்கள் என்பதற்காகவே வாங்குபவர்கள். இரண்டாவதில் உங்கள் எழுத்தை முன்பே படித்து ஒரு சொல்லாவது சொன்னவர்கள். மூன்றாவதில் நூலின் பொருளுக்காகவே வாங்கக்கூடியவர்கள். தோ பாயோவின் பழைய வீடுகளைப் பற்றி எழுதியிருந்தால் அங்கே வளர்ந்தவர்கள், பிள்ளைகளுக்கான கதை என்றால் தமிழாசிரியர்களும் பெற்றோரும்.

இரண்டாம் மூன்றாம் பத்திகளில் சேர்த்து ஐம்பது பெயராவது தேறவில்லை என்றால் நூல் போடும் நேரம் இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. முதல் பத்தி மட்டும் நிறைந்திருந்தால், நூல் விழா நாளோடு நின்றுவிடும்.

இங்கே வெளியீட்டு விழாக்களில் ஓர் அழகான வழக்கம் உண்டு. முதல் நூலை ஒரு பெரியவர் பெற்றுக்கொள்வார். பிறகு ஒவ்வொருவராக மேடையேறி நூலை வாங்கி, உறையில் அன்பளிப்பு வைத்துக் கொடுப்பார்கள். சிலர் விலையைவிட அதிகமாகவே வைப்பார்கள். எழுத்தாளனைத் தாங்கிப் பிடிக்கும் அந்த அன்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த உறைகளை நம்பி வரவுசெலவு போடாதீர்கள். அது வந்தால் வரவு, அவ்வளவுதான். இரண்டாம் நூலுக்கு அதே நண்பர்களிடம் அதே தொகையை எதிர்பார்ப்பதும் முறையல்ல.

3. எந்தப் பணம் என்பதைத் தீர்மானியுங்கள்

திரும்பி வராவிட்டாலும் வீட்டில் எதுவும் நின்றுபோகாத பணம். அதுதான் நூலுக்குரிய பணம். பிள்ளையின் துணைப்பாட வகுப்புக்கோ ஊரிலிருக்கும் அம்மாவின் மருத்துவத்துக்கோ ஒதுக்கியதைத் தொடாதீர்கள். கடன் அட்டையில் நூல் போடவே கூடாது. மாதம் 100 வெள்ளி தனியாக எடுத்து வைத்தால் இரண்டு ஆண்டில் 2,400 வெள்ளி. எழுத்தைச் செம்மைப்படுத்தவும் கிட்டத்தட்ட அதே காலம் ஆகும் என்பதால் இரண்டும் ஒன்றாகவே முதிரும்.

வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் சொந்தத் தொழில் நடத்தக் கூடாது என்பது அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்று. மற்ற அனுமதிகளில் பெரும்பாலானவையும் குறிப்பிட்ட முதலாளியிடம் வேலை செய்யவே தரப்படுகின்றன. எழுதுவது வேறு, காசு போட்டு நூலை அச்சிட்டு விற்பது வேறு. பணம் போடுமுன் மனிதவள அமைச்சிடம் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். அல்லது விற்பனை முழுவதையும் ஊரிலிருக்கும் பதிப்பகம் தன் பொறுப்பில் செய்யும்படி ஏற்பாடு செய்யலாமா என்று பாருங்கள். ஒரு புத்தகத்துக்காக வேலையைப் பணயம் வைக்க வேண்டாம்.

4. முதல் வெள்ளி செம்மையாக்குபவருக்கு

இந்தப் படியில்தான் கஞ்சத்தனம் கூடாது.

செம்மையாக்கம் வேறு, மெய்ப்புத் திருத்தம் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து "ஒற்றுப்பிழை பார்த்துக் கொடுங்கள்" என்று ஒரே ஆளிடம் கொடுத்துவிடுகிறோம். செம்மையாக்குபவர் கதையின் நடுவில் கை வைப்பார். இந்தப் பத்தி வேண்டாம், இந்தப் பாத்திரம் எட்டாம் பக்கத்தில் இப்படிப் பேசமாட்டாள், இந்த இரண்டு கவிதைகளும் ஒன்றையே சொல்கின்றன என்பார். மெய்ப்புப் பார்ப்பவர் அதற்குப் பின் வருபவர். பக்கம் வடிவமைத்த பிறகு, அச்சுக்குப் போகுமுன், சந்திப்பிழை, எழுத்துப்பிழை, பக்க எண், பொருளடக்கம் எல்லாவற்றையும் சரிபார்ப்பார். ஒருவரே இரண்டையும் செய்யத் தெரிந்தவராக இருந்தாலும், ஒரே நூலில் வேண்டாம். தான் திருத்திய வரியில் இருக்கும் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது.

முழு நூலையும் ஒப்படைக்குமுன் ஒரே ஒரு கதையை, அல்லது பத்துப் பக்கத்தை, கூலி கொடுத்துச் செம்மைப்படுத்தச் சொல்லுங்கள். அதைப் பார்த்ததுமே அவர் உங்கள் குரலைக் கேட்கிறாரா, அழிக்கிறாரா என்று தெரிந்துவிடும். ஊரிலிருந்து செம்மையாக்குபவர் என்றால் ஒரு சொற்பட்டியலும் கூடவே போகட்டும். இல்லாவிட்டால் நம் வெள்ளி டாலராகிவிடும், கோப்பிக்கடை காபிக்கடையாகிவிடும், பசியாறியவர்கள் எல்லாரும் டிபன் சாப்பிட்டுவிடுவார்கள். இடப்பெயர்களையும் அதில் சேருங்கள்: ஈசூன், அங் மோ கியோ, தெம்பனிஸ். ஒரே ஊர் மூன்று எழுத்துக்கூட்டலில் வருவது நம் நூல்களில் அடிக்கடி காணும் குறை.

எழுத்துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் கசியும் ஓட்டை இது. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள். வடிவமைப்பாளர் சிலர் அதைப் பழைய குறியாக்கத்துக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகிறார்கள். மாற்றும்போது துணைக்கால் இடத்தில் 'ர' வந்து உட்காரும், 'ஔ' என்பது 'ஒள' ஆகிவிடும், வரி முடிவில் கொம்பு மட்டும் தனியே நிற்க, எழுத்து அடுத்த வரிக்குப் போய்விடும். நீங்கள் அனுப்பிய கோப்பில் பிழை இருந்திருக்காது, அச்சில் இருக்கும். எனவே விலை பேசும்போதே "யூனிகோடிலேயே பக்கம் கட்டுவீர்களா?" என்று கேளுங்கள். கட்டமாட்டார் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். பின்னாளில் மின்னூல் போடவும் அதே கோப்பு உதவும். மெய்ப்பு எப்போதும் கடைசியாக வடிவமைத்த பிடிஎஃப் கோப்பின் மீதே பார்க்கப்பட வேண்டும், வேர்டு கோப்பின் மீதல்ல. முடிந்தால் தாளில் அச்செடுத்துப் படியுங்கள்.

5. அட்டையும் உரிமையும்

அட்டைக்கு ஓவியரையோ ஒளிப்படக்காரரையோ அமர்த்தினால், கூலி கொடுத்துவிட்டோம் என்பதாலேயே படம் நமக்குச் சொந்தமாகிவிடாது. சிங்கப்பூரின் 2021 காப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. கேட்டு எடுக்கப்பட்ட ஒளிப்படத்துக்கும் வரையப்பட்ட உருவப்படத்துக்கும்கூட, வேறு உடன்பாடு எழுத்தில் இல்லாவிட்டால், உரிமை படைத்தவருக்கே. அட்டை, மறுபதிப்பு, மின்னூல், சுவரொட்டி ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். படைத்தவர் பெயரை உள்பக்கத்தில் மறக்காமல் போடுங்கள். அத்தியாயத் தலைப்பில் திரைப்பாடல் வரி போடும் ஆசை பலருக்கு உண்டு. அனுமதி வாங்க முடியாதென்றால் எடுத்துவிடுங்கள்.

நூல் முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் கனத்தையும் பொறுத்தது. எனவே பக்கம் இறுதியாகாமல் முழு அட்டையையும் முடிக்க முடியாது. உள்பக்கம் 16 பக்கங்கள் கொண்ட பாரமாக அச்சாகும் என்பதால் 160 பக்கம் பத்துப் பாரம், சரியாக அமையும். 163 பக்கம் என்றால் 13 பக்கம் வீணாகும், அல்லது மூன்று பக்கத்தைக் குறைக்க வேண்டும். குறைப்பதே மேல்.

6. எத்தனை படி என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

இங்கே ஒரு கணக்கை விரிவாகவே போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்களுக்குக் கிடைத்த விலைகளை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

160 பக்க நூல், டெமி அளவு, 300 படி. செம்மையாக்கம் 600 வெள்ளி, மெய்ப்பு 250, பக்க வடிவமைப்பு 200, அட்டை 250. கூட்டினால் 1,300 வெள்ளி. இது 50 படி போட்டாலும் 1,000 படி போட்டாலும் மாறாத செலவு. அச்சு ஒரு படிக்கு 90 ரூபாய் என்றால் 27,000 ரூபாய். வெள்ளிக்கு 65 ரூபாய் வீதம் 415 வெள்ளி. கப்பல் அல்லது விமானக் கட்டணம் 350. இரண்டின் மீதும் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, ஏறக்குறைய 69. விழாவுக்குச் சிக்கனமாக 400. மொத்தம் 2,534 வெள்ளி.

விலை 15 வெள்ளி என்று வைத்து நீங்களே நேரில் விற்றால் 169 படிகளில் முதல் திரும்பும். கடை வழியாக விற்று அவர்கள் 40 விழுக்காடு எடுத்துக்கொண்டால் உங்கள் கைக்கு 9 வெள்ளி, அப்போது 282 படி விற்க வேண்டும். ஆனால் உங்களிடம் விற்பதற்கு 282 படி இருக்காது. நூலக வாரியத்துக்கு இரண்டு, அணிந்துரை எழுதியவருக்கும் பேச்சாளர்களுக்கும் ஓவியருக்கும் ஆளுக்கொன்று, இதழ்களுக்கு மதிப்புரைக்காக, பரிசுப் போட்டிக்காக என்று முப்பதாவது போய்விடும். மிச்சம் 270. அத்தனையும் கடையில் விற்றுத் தீர்ந்தாலும் 2,430 வெள்ளிதான். நூல் முழுக்க விற்றுப்போயும் நட்டம் 104 வெள்ளி.

ஆகவே நேரில் எத்தனை விற்க முடியும் என்பதுதான் இங்கே நூலின் பொருளாதாரம். இரண்டாம் கட்டத்தில் எழுதிய பெயர்ப் பட்டியலை எடுத்து இந்தக் கணக்கின் பக்கத்தில் வையுங்கள்.

"500 போட்டால் படிக்கு 20 ரூபாய் குறையும்" என்று அச்சகத்தார் சொல்வார். உண்மைதான், அவர் ஏமாற்றவில்லை. ஆஃப்செட் அச்சில் தகடு செய்யும் செலவு ஒன்றேதான் என்பதால் எண்ணிக்கை கூடக் கூட விலை குறையும். ஆனால் விற்காத படியின் விலையைக் குறைத்து உங்களுக்கு என்ன லாபம்? இப்போது டிஜிட்டல் அச்சில் 50, 100 படிகள்கூடப் போட முடிகிறது. ஒரு படிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். முதல் நூலுக்கு நான் எப்போதும் 100 அல்லது 150 என்றே சொல்வேன். தீர்ந்தால் மறுபடி அச்சிடலாம், கோப்பு உங்களிடம்தானே இருக்கிறது.

இடத்தையும் நினையுங்கள். 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) தாளில் 160 பக்க டெமி நூல் ஏறக்குறைய 190 கிராம் இருக்கும். 300 படி என்றால் 57 கிலோ. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அந்தப் பெட்டிகளெல்லாம் கடைசியில் பாம் ஷெல்டர் என்னும் காப்பறைக்குள்தான் போகும். காற்றோட்டமில்லாத அந்த அறையில் நம் ஊர் ஈரத்துக்குத் தாள் அலையும், அட்டை சுருளும், வெள்ளிப்பூச்சி வரும். ஓராண்டுக்குள் விற்கக்கூடிய அளவே வீட்டுக்குள் வரட்டும்.

7. சட்டப்படி செய்யவேண்டியவை

இவை எளியவை, செலவும் அதிகமில்லை. ஐஎஸ்பிஎன் (நூலுக்குரிய பன்னாட்டு அடையாள) எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் இணையத்தில் விண்ணப்பித்து இலவசமாகவே பெறலாம். சிங்கப்பூர் எண்கள் 978-981 என்று தொடங்கும். அந்த எண் பதிப்பாளரைக் குறிக்கும். எனவே நீங்களே முதல் போடும் நூலுக்கு உங்கள் பெயரில் எண் வாங்குவதே முறை. 'எண் நாங்களே தருகிறோம்' என்று யாராவது தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இங்கே வெளியிடும் அச்சு நூலில் இரண்டு படிகளை, வெளியான நான்கு வாரத்துக்குள், நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். இது சட்டம். அதைக் கடமையாக மட்டும் பார்க்காதீர்கள். நாம் போன பிறகும் விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தில் நம் நூல் இருக்கும் என்பதற்கு இதைவிட உறுதியான ஏற்பாடு வேறில்லை. வாரியம் பொது நூலகங்களுக்காகக் காசு கொடுத்து வாங்கும் படிகள் இதற்குத் தனி, அது அவர்களின் தெரிவு. வாங்கினால் மகிழ்ச்சி, வரவுசெலவில் எழுத வேண்டாம்.

ஊரிலிருந்து வருபவரின் பெட்டியில் 40 நூலைத் திணித்து அனுப்புவது நம் பழக்கம். விற்பனைக்குக் கொண்டுவரும் சரக்குக்குப் பயணிகளுக்குரிய ஜிஎஸ்டி சலுகை பொருந்தாது. அறிவித்து வரி கட்டச் சொல்லுங்கள். விமானத்திலோ அஞ்சலிலோ 400 வெள்ளி மதிப்புக்குள் வரும் பொட்டலத்துக்கு இறக்குமதி வரி விலக்கு உண்டு. கப்பலில் வருவதற்கு அது கிடையாது. நூறு படி மட்டும் அச்சிடுபவருக்கு இந்த வேறுபாடு பயன்படும்.

8. மானியம் கேட்பதாக இருந்தால் அச்சை நிறுத்தி வையுங்கள்

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நூல் வெளியீட்டுக்குத் தேசியக் கலைகள் மன்றத்திடம் மானியம் கேட்கலாம். முடிந்துபோன திட்டத்துக்குப் பின்னோக்கி மானியம் கிடைக்காது. நூலை அச்சிட்டு விழாவும் நடத்திவிட்டு விண்ணப்பம் எழுத உட்காருபவர்களை நான் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். எனவே, முடிவு தெரியும்வரை அச்சகத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். மானியம் முழுச் செலவையும் ஏற்காது, ஒரு பகுதியைத் தாங்கும். மீதிப் பணமும், மானியம் கைக்கு வரும்வரை சமாளிக்கும் பணமும் உங்களிடம் இருக்க வேண்டும்.

மானியம் கிடைக்காவிட்டாலும் விண்ணப்பம் எழுதியது வீணாகாது. இந்த நூல் யாருக்கு, எப்படி அவர்களிடம் போகும், எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வைக்கச் சொல்வதால் நம் தெளிவின்மை நமக்கே தெரிந்துவிடுகிறது.

நாள்காட்டியும் முக்கியம். ஏப்ரலில் தமிழ் மொழி விழா, அந்த மாதம் முழுக்க நிகழ்ச்சிகள். நூல் வெளியிட நல்ல காலம் என்று எல்லாரும் நினைப்பதால் ஒரே வார இறுதியில் இரண்டு மூன்று விழாக்கள் வந்துவிடும். வருபவர்களோ ஒரே கூட்டம்தான். முதல் நூல் என்றால் பிப்ரவரியோ ஜூலையோ பரவாயில்லை. சென்னையில் ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு முந்தைய இரண்டு மாதம் அச்சகங்கள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும். அப்போது கொடுத்த சிறிய வேலை ஓரத்தில் கிடக்கும், அல்லது அவசரத்தில் முடியும். சிங்கப்பூர் இலக்கியப் பரிசும் ஈராண்டுக்கு ஒருமுறைதான். எந்த ஆண்டில் வெளியான நூல்களை அடுத்த சுற்றில் ஏற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் டிசம்பர் 31-க்குள் நூல் வந்தே ஆகவேண்டும் என்று மெய்ப்பைப் பாதியில் விடாதீர்கள்.

9. 'எல்லாம் நாங்களே செய்கிறோம்' என்பவரிடம்

ஒரு தொகை கொடுத்தால் செம்மையாக்கம் முதல் விழா வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் பதிப்பகங்கள் இருக்கின்றன. நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். வேலை நெருக்கடியில் இருப்பவருக்கு அது உதவிதான். ஆனால் முன்பணத்துக்குமுன் சில பதில்களை எழுத்தில் வாங்குங்கள். செம்மையாக்குபவர் யார், அவர் செய்த நூல் ஒன்றைப் பார்க்கலாமா? எத்தனை படி அச்சாகும், எத்தனை என் கைக்கு வரும்? பதிப்புரிமை யாரிடம்? பக்கக் கோப்பும் அட்டைக் கோப்பும் திறந்து திருத்தக்கூடிய வடிவில் எனக்குக் கிடைக்குமா? விற்ற கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும்?

இவற்றில் கோப்பைப் பற்றிய கேள்விதான் உயிர்நாடி. அது உங்களிடம் இல்லாவிட்டால் இரண்டாம் அச்சுக்கு மறுபடியும் அவரிடமே போய் நிற்க வேண்டும், அல்லது முதலிலிருந்து பக்கம் கட்டக் காசு கொடுக்க வேண்டும்.

மின்னூலை மட்டும் முதலில் போட்டுப் பார்ப்பதும் ஒரு வழி. அமேசான் கிண்டிலில் தமிழ் நூலைப் பதிவேற்றக் கட்டணம் இல்லை. அவர்களின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவத்தை வேறெங்கும் தரக் கூடாது என்பதைக் கவனியுங்கள். தொடர்கதைக்கும் துப்பறியும் கதைக்கும் மின்னூல் ஒத்துவருகிறது. கவிதைத் தொகுப்பைக் கையில் வாங்கிப் புரட்டவே நம்மவர்கள் விரும்புகிறார்கள் என்பது நான் கண்டது.

10. அச்சுக்கு ஒப்புதல் கொடுக்கும் நாள், அதன் பிறகு

மூன்று வாசகர்களின் கருத்தும் உள்ளே போய்விட்டது, பெயர்ப் பட்டியல் இருக்கிறது, பணம் தனியாக இருக்கிறது, செம்மையாக்கமும் மெய்ப்பும் முடிந்துவிட்டன, மானியத்துக்கு விண்ணப்பித்திருந்தால் பதில் வந்துவிட்டது. இப்போது அச்சகத்துக்குப் பணம் அனுப்பலாம். அப்போதும் முழு எண்ணிக்கைக்கு ஒப்புதல் தராதீர்கள். ஒரே ஒரு மாதிரிப் படியை அச்சடித்துக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். கொஞ்சம் காசாகும், ஒரு வாரம் தாமதமாகும். ஆனால் திரையில் தெரியாதது கையில் தெரியும்: கட்டுக்குள் புதைந்துபோன எழுத்து, மங்கிய அட்டை, முதுகில் தலைகீழாக அச்சான பெயர்.

நூல் வந்து விழா முடிந்ததும் உங்கள் சொந்தப் படி ஒன்றில் 'திருத்தப் படி' என்று எழுதி அலமாரியில் தனியாக வையுங்கள். வாசகர் யார் எந்தப் பிழையைச் சொன்னாலும் அதில் சிவப்பு மையால் குறியுங்கள். கையிருப்பு இருபதுக்குக் கீழே இறங்கி, இன்னும் யாராவது கேட்டுக்கொண்டும் இருந்தால், அந்தத் திருத்தங்களைக் கோப்பில் ஏற்றிவிட்டு அடுத்த ஐம்பதுக்குச் சொல்லுங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் அந்த இருபதையும் நீங்கள் மதிக்கும் வாசகர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் பணம் இரண்டாம் நூலின் செம்மையாக்குபவருக்கு.